அரை டெசிபல்

யோரிங், 5 செப்டம்பர் 1993

அப்பா,

இது பணம் கேட்டு எழுதும் கடிதம் அல்ல. மன்னிப்புக் கேட்டும் அல்ல. ஸ்பீக்கர் பற்றி.

எனக்கு இங்கே ஒரு அறை கிடைத்திருக்கிறது. சைக்கிள் கடைக்கு மேலே, நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர், மரத்தரை, ஒரு சன்னல். சலவைச்சாலையில் என்னோடு வேலை பார்ப்பவளின் அண்ணன் தன் பழைய ரெக்கார்டு பிளேயரையும் ஆம்ப்ளிஃபையரையும் எனக்குத் தள்ளிவிட்டான். ஸ்பீக்கர் மட்டும் இல்லை. இரண்டாயிரம் குரோனுக்குள் ஒரு ஜோடி வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது எனக்குத் தெரிந்த ஆட்களில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் கேட்கிறேன். வேறு காரணம் கிடையாது.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போன் வீட்டுக்காரியின் நடைவழியில் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் "என்ன? கேக்கல. வாயைத் திறந்து பேசு" என்பீர்கள். இரண்டு தடவை அதைக் கேட்டால் நான் வைத்துவிடுவேன். காகிதம் "கேக்கல" என்று சொல்வதில்லை.

பள்ளிக்கூடம் பற்றி எழுதாதீர்கள். வாய்மொழித் தேர்வில், பச்சைத் துணி விரித்த அந்த மேசைக்கு முன்னால் ஜூன் மாதம் என்ன நடந்தது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், நீங்கள் பாடம் நடத்தும் பள்ளியின் ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். கேள்விச் சீட்டு எடுத்தேன். கேள்வி தெரியும், பதிலும் தெரியும். வாய்தான் வரவில்லை. வெளியூர்த் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். இனி நான் எந்தப் பள்ளிக்கும் போகப் போவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரலாம் என்று இருக்கிறேன். என் அறையை அப்படியே வைத்திருங்கள்.

மாரென்


ஹோல்பெக், 11 செப்டம்பர்

மாரென்,

இரண்டாயிரம் குரோனுக்கு யாரும் ஸ்பீக்கர் செய்வதில்லை. பெட்டி செய்கிறார்கள். மரத்தூளை ஒட்டிச் செய்த பெட்டி, அதில் மரம் மாதிரி படம் போட்ட காகிதம், நடுவில் கருப்புத் துணி. துணியை ஏன் கழற்ற விடமாட்டார்கள் தெரியுமா? உள்ளே இருப்பதைப் பார்த்தால் நீ அழுவாய்.

இருந்தாலும் கேட்டுவிட்டாய். இங்கே இருந்தவரை வானொலிப் பெட்டியே போதும் என்ற உன் அம்மாவைப் போல இருக்காமல் கேட்டதே பெரிது. எழுதிக்கொள்.

சின்ன அறைக்குச் சின்னது. பணம் குறைவாக இருக்கும்போது பெரிய பெட்டி வாங்குகிறவன் முட்டாள். ஒரே விலைக்குப் பெட்டிக்குள் மூன்று ஒலிக்கூம்பு வைத்தவனைவிட இரண்டு கூம்பு வைத்தவன் ஒவ்வொன்றுக்கும் அதிகம் செலவழித்திருப்பான், இந்த வகுத்தல் கணக்குக்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. சுவரோடு ஒட்டி வைக்காதே. தரையில் வைக்காதே. உச்ச ஒலி வரும் சின்னக் கூம்பு உன் காது உயரத்தில் இருக்கட்டும். முன்னூறு வாட், நானூறு வாட் என்று எழுதியிருப்பதைப் படிக்காதே; அது படிக்கத் தெரிந்தவர்களை ஏமாற்றுவதற்காக எழுதியது.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். கடையில் இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் அரை டெசிபல் கூடினாலே போதும், காது அதைச் 'சத்தம் கூட' என்று சொல்லாது, 'இது நன்றாக இருக்கிறது' என்று சொல்லும். விற்பவர்கள் எல்லாரும் எது விற்க வேண்டுமோ அதைக் கொஞ்சம் திருகி வைப்பார்கள். கடைந்தெடுத்த அயோக்கியத்தனம். எங்கள் இசை கேட்போர் சங்கத்தில் பதினைந்து வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் பல் டாக்டர் ஈவருக்கே புரிந்திருக்கிறது.

உன் அறை பற்றி. ஜூலையில் அதை இசை கேட்கும் அறையாக மாற்றிவிட்டேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் அந்த அறையில்தான் சரியான விகிதத்தில் இருக்கின்றன, கூடத்தில் எதிரொலி. சுவரெல்லாம் கம்பளித்துணி ஒட்டி, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. கிறிஸ்துமஸுக்கு வந்தால் கூடத்தில் சோபா இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற பெண் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு இருப்பாள் என்றால், அவளுக்குக் கருப்புத் துணிப் பெட்டியே பொருத்தம். பள்ளி பற்றி எழுதவில்லை. பெட்டி பற்றித்தான் எழுதினேன்.

தோர்கில்


யோரிங், 3 அக்டோபர்

அப்பா,

நாற்காலி ஒன்றுதான் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். வீட்டில் எத்தனை பேர் என்று கணக்குச் சரியாக வைத்திருக்கிறீர்கள்.

என் அறையை எடுத்துக்கொண்டது பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் இந்தக் கடிதம் ஸ்பீக்கரைப் பற்றி இருக்காது.

ஆல்போரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். விற்பவன் முதலில் என் காலணியைப் பார்த்தான், பிறகு எனக்குப் பின்னால் யாராவது பெரியவர்கள் வருகிறார்களா என்று பார்த்தான். ஒருவரும் வரவில்லை.

"யாருக்கும்மா? அண்ணனுக்குப் பிறந்தநாளா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

"அப்போ இதைப் பாரு. பசங்களுக்கு இதுதான் புடிக்கும். வயித்துல வந்து குத்தும்."

அவனுடைய ரெக்கார்டைப் போட்டான். இடி இடித்தது, கண்ணாடி உடைந்தது, ரயில் ஓடியது. வீட்டில் உட்கார்ந்து கண்ணாடி உடைவதைக் கேட்க யாருக்கு ஆசை என்று தெரியவில்லை. உங்கள் சங்கத்தில் இருக்கலாம். என் பையில் என் ரெக்கார்டு இருந்தது. ஒரு பெண் பாட்டு, பின்னால் ஒரு ஹார்மோனியமும் தாழ்ந்த ஒலியில் முழங்கும் ஒரு டபுள் பேஸும், அவ்வளவுதான். அதில் பாடுவதற்கு முன்னால் அவள் எங்கே மூச்சு இழுக்கிறாள் என்பதுகூட எனக்குத் தெரியும். அதைப் போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பையிலிருந்து எடுத்து அவன் மேசை மேல் வைத்துவிட்டு, பில் புத்தகத்தின் ஓரத்தில் எழுதினேன்: 'இது. ரயில் வேண்டாம்.'

அவன் பக்கத்துப் பையனைப் பார்த்து, "செவிடு போல இருக்கு. செவிட்டுக்கு ஸ்பீக்கர்!" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் செவிடு இல்லை என்று அவர்களுக்குத் தெரியாததால் நிறையப் பேசினார்கள். எந்தப் பெட்டியை மாதக் கடைசிக்குள் தள்ளியாக வேண்டும், எதில் லாபம் அதிகம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். மூன்று கூம்பு வைத்ததில்தான் லாபம் அதிகமாம். நீங்கள் சொன்னது சரி. சொன்ன விதம்தான் எப்போதும் போல.

மூன்று கூம்பில் அவள் பீப்பாய்க்குள் ஜலதோஷத்தோடு பாடினாள். இன்னொன்றில் ஸகரம் எல்லாம் சீறியது. ஜன்னலோரத்தில் தூசி படிந்து சின்னதாக ஒரு ஜோடி இருந்தது, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு யுட்லாண்ட் கம்பெனி. அதில் அவள் முதலில் மூச்சு இழுத்தாள், பிறகு பாடினாள். எனக்கு வேறென்ன வேண்டும்? தாழ்ந்த ஒலி குறைவுதான். டபுள் பேஸ்காரன் அடுத்த அறையில் நின்று வாசிப்பது போல இருக்கும். நிற்கட்டும்.

விலைச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது.

இப்போது அவை இரண்டு பியர்ப் பெட்டிகளின் மேல், என் காது உயரத்தில் இருக்கின்றன. நன்றாக இருக்கின்றன.

மாரென்


ஹோல்பெக், 8 அக்டோபர்

மாரென்,

பியர்ப் பெட்டிகளின் மேல். அருமை. அடுத்து மீன் டப்பாவில் நூல் கட்டிக் காதில் வைத்துக்கொள்வாய்.

நீ எழுதியதை ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு வந்தவர்களிடம் படித்துக் காட்டினேன். 'டபுள் பேஸ்காரன் அடுத்த அறையில் நிற்கட்டும்' என்ற இடத்தில் ஈவருக்குக் கேக் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பொடில் மட்டும், "பொண்ணுக்குக் காது இருக்கு, தோர்கில்" என்றாள். நூலகத்தில் வேலை செய்கிறவள் அப்படித்தான் சொல்வாள். அவளுக்கு அமைதியாக இருக்கிற எல்லாமே பிடிக்கும்.

'நன்றாக இருக்கின்றன' என்று எழுதியிருக்கிறாய். எதோடு ஒப்பிட்டு? பட்டினி கிடந்தவனுக்குக் காய்ந்த ரொட்டியும் நன்றாகத்தான் இருக்கும். உன்னிடம் இருப்பது கருத்து. சங்கத்தில் நாங்கள் கருத்தை மதிப்பதில்லை. நவம்பர் 6, சனிக்கிழமை, விரிப்பு மாலை. உனக்குத் தெரிந்ததுதான்: அறைக்குக் குறுக்கே படுக்கை விரிப்பைக் கட்டி, பின்னால் இரண்டு ஜோடி, முன்னால் உறுப்பினர்கள், எது எதுவென்று யாருக்கும் தெரியாது, சீட்டில் எழுதிப் போட வேண்டும். உன் பெட்டிகளைக் கொண்டு வா. என் ஜோடிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். ஒவ்வொருவராகச் சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார். பள்ளிக்கூடத்தில் கற்காததை ஒரு மாலையில் கற்றுக்கொள்வாய்.

விரிப்பு ஒன்றும் கொண்டு வா. சலவைச்சாலையில் வேலை பார்ப்பதற்கு அதுவாவது பயன்படட்டும். மெல்லியதாக இருக்க வேண்டும்.

தோர்கில்


யோரிங், 12 அக்டோபர்

அப்பா,

என் கடிதத்தைக் காபியோடு பரிமாறியதற்கு நன்றி. இனி எழுதும்போது ஈவரின் தொண்டையை நினைத்து எழுதுகிறேன்.

வருகிறேன். ஆனால் சும்மா வந்து சிரிப்பு வாங்கிக்கொண்டு போக மாட்டேன். பந்தயம் வைக்கலாம்.

உங்கள் ஜோடிக்கு அதிக ஓட்டு விழுந்தால், நான் இந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். ஆகஸ்டில் பத்தாம் வகுப்பில் சேர்கிறேன். சோபாவில் படுத்துக்கொள்கிறேன். பச்சைத் துணி மேசைக்கு முன்னால் போய் நிற்கிறேன். வாய் வருகிறதோ இல்லையோ நிற்கிறேன்.

உங்கள் ஜோடிக்கு அதிக ஓட்டு விழாவிட்டால், அந்த அறை திரும்பவும் என் அறை. வருஷத்தில் பத்து நாள்தான் வருவேன் என்றாலும் என் அறை. பள்ளிக்கூடம் என்ற சொல் உங்கள் வாயிலிருந்தோ பேனாவிலிருந்தோ வரக் கூடாது.

உங்களுடையது என்னுடையதைவிட முப்பது மடங்கு விலை. பயப்பட ஒன்றுமில்லையே?

மாரென்


ஹோல்பெக், 15 அக்டோபர்

மாரென்,

சம்மதம். குழந்தையிடம் பந்தயம் கட்டுவது வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டது நீ.

ரயிலில் பெட்டிகளைக் கூம்பு மேலே பார்க்க வைக்காதே. கடலைக் கடக்க ரயிலையே கப்பலில் ஏற்றும்போது உலுக்கும், மடியில் வைத்துக்கொள்.

தோர்கில்


ஹோல்பெக், 7 நவம்பர்

மாரென்,

இன்று காலை நான் எழுந்தபோது நீ போய்விட்டிருந்தாய். முதல் ரயிலைப் பிடித்திருப்பாய். சோபாவில் போர்வையை ஓட்டல் விரிப்பு மாதிரி மூலை மடித்து வைத்திருந்தாய். சொல்லிக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் உன்னிடம் அதை எதிர்பார்க்கும் அளவுக்கு எனக்குப் பைத்தியமில்லை.

ஐந்துக்கு இரண்டு. சீட்டுகளை எண்ணியது ஈவர், நான் தொடக்கூட இல்லை. அவன் எழுதியதை உனக்கு நினைவூட்டுகிறேன்: 'முதலாவது ஜோடி உயிரோடு இருக்கிறது, இரண்டாவது மரியாதையாக இருக்கிறது.' இரண்டாவது உன்னுடையது. மரியாதையாக! அந்த விலைக்கு அது பாராட்டுதான், எடுத்துக்கொள். உனக்கு விழுந்த இரண்டில் ஒன்று பொடிலுடையது. மற்றது யாருடையதென்று தெரிய எனக்கு ஆசையில்லை.

ஆக, முடிந்தது. மாத முடிவோடு நிற்பதாக வேலையிடத்தில் சொல்லிவிடு. பத்தாம் வகுப்புக்கு ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டாம், ஜனவரியில் இடையில் சேர்த்துக்கொள்ளும் பள்ளி ஒன்று இருக்கிறது, தலைமை ஆசிரியர் எனக்குத் தெரிந்தவர். வாய்மொழித் தேர்வுக்கு நானே பழக்குகிறேன். தினமும் சாப்பாட்டு மேசையில் பத்து நிமிஷம் பேசினால் போதும்.

பெட்டிகளை ஏன் எடுத்துக்கொண்டு போனாய்? இனி அவை உனக்குத் தேவையில்லையே.

தோர்கில்


யோரிங், 10 நவம்பர்

அப்பா,

நீங்கள் என்னை விரிப்புக்குப் பின்னால் உட்கார வைத்தீர்கள். "நீ இங்கயே இரு, ரெக்கார்டை மாத்து. வெளிய வந்து யாரையும் பாத்துப் பேச வேண்டியதில்லை, உனக்கும் நல்லது" என்றீர்கள். எல்லார் காதிலும் விழும்படி. விரிப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் சிரித்தார். எனக்கு நிஜமாகவே அங்கே இருப்பதுதான் பிடித்திருந்தது, அது வேறு.

அதனால் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கை என் கண்ணுக்கு நேரே இருந்தது.

மாலை தொடங்கும் முன்னால் எல்லார் முன்னிலையிலும் அந்தக் கருவியை வைத்துச் சத்தத்தை அளந்தீர்கள். குமிழைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி இரண்டு கோடு போட்டீர்கள். இந்தக் கோட்டில் நிறுத்தினால் உங்கள் ஜோடி, அந்தக் கோட்டில் நிறுத்தினால் என் ஜோடி, இரண்டும் சமம். ஈவர் வந்து குனிந்து பார்த்து, "பாத்தீங்களா, சட்டம்னா சட்டம்" என்றார். அவருக்கு உங்கள் மேல் கடவுள் மேல் இருப்பதைவிட அதிக நம்பிக்கை.

பிறகு விரிப்பை இழுத்து மறைத்தீர்கள். என் ஜோடியின் முறை வந்தபோதெல்லாம் குமிழைக் கோட்டில் நிறுத்தினீர்கள். சரியாக. உங்கள் ஜோடியின் முறையில் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை. முதல் தடவை கை தவறியதென்று நினைத்தேன். இரண்டாம் தடவை உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கடைசிப் பாட்டுவரை அதே மயிரிழை.

எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும். அரை டெசிபல் இருக்குமா? காது அதைச் 'சத்தம் கூட' என்று சொல்லாது, 'உயிரோடு இருக்கிறது' என்று சொல்லும்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கையில் ரெக்கார்டை வைத்துக்கொண்டு நின்றேன், நீங்கள் விரிப்பை விலக்கினீர்கள், எல்லாரும் கை தட்டினார்கள். நீங்கள் தலை குனிந்து வணக்கம் வேறு வைத்தீர்கள். அதுதான் எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது.

நான் வேலையை விடவில்லை. விட மாட்டேன்.

மாரென்


ஹோல்பெக், 13 நவம்பர்

மாரென்,

பழைய ஆம்ப்ளிஃபையர்களின் குமிழ் வழுக்கும். அது உனக்குத் தெரிய நியாயமில்லை. இருட்டில், தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவளுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்குப் பெயர் பார்வைக் கோண மாற்றம். எட்டாம் வகுப்பு இயற்பியல். அதையும் நீ கவனிக்கவில்லை.

தோற்றுவிட்டுக் காரணம் தேடுகிறவர்களை இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன், வகுப்பில் முப்பது பேர் இருக்கிறார்கள். நீயும் அப்படி இருப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை.

போய் யாரிடம் வேண்டுமானாலும் சொல். ஆனால் அதற்கு முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

தோர்கில்


யோரிங், 17 நவம்பர்

அப்பா,

வாயைத் திறக்க வேண்டியதில்லை. எனக்கு எழுதத் தெரியும். அதை நீங்கள்தான் காபி மேசையில் நிரூபித்தீர்கள். ஈவருக்கு ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். தபால்தலை ஒட்டி என் சன்னலில் வைத்திருக்கிறேன். ரொம்ப நாகரிகமாக எழுதியிருக்கிறேன், கேக் எதுவும் தொண்டையில் சிக்காது.

அதை அனுப்புவதா என்று மூன்று நாள் யோசித்தேன். இஸ்திரி உருளையில் விரிப்பு விரிப்பாகத் தள்ளும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். உங்களைப் போல முப்பது பிள்ளைகள் முன்னால் கத்த வேண்டியதில்லை.

இப்படி யோசித்தேன். உங்கள் ஜோடி என்னுடையதைவிட நல்லது. எனக்குத் தெரியும். விரிப்புக்குப் பின்னால் என் காதுக்கு நேரே இருந்தது. டபுள் பேஸ்காரன் அதே அறையில் வந்து நிற்கிறான். கோட்டிலேயே நிறுத்தியிருந்தாலும் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். நாலுக்கு மூன்றாவது வந்திருக்கும். ஸ்பீக்கரின் மானத்துக்காக நீங்கள் குமிழைத் திருகியிருக்க மாட்டீர்கள். ஸ்பீக்கர் விஷயத்தில் நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. மற்ற எல்லா விஷயத்திலும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எதற்கு? 'ஜெயித்திருப்பேன்' என்பது உங்களுக்குப் போதவில்லை. நிச்சயமாக ஜெயிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் பந்தயத்தில் இருந்தது ஸ்பீக்கர் இல்லை.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, நினைத்துக்கொள்ளாதீர்கள். கேவலமாக இருந்தது. 'வீட்டுக்கு வா' என்பது இரண்டு சொல். செப்டம்பரிலிருந்து எத்தனை பக்கம் எழுதிவிட்டீர்கள், அதில் அந்த இரண்டு சொல் எங்கேயும் இல்லை. அதற்குப் பதில் சங்கத்தையே ஏமாற்றினீர்கள். பதினைந்து வருடமாகக் கத்திய ஒரே சட்டத்தை உங்கள் கையாலேயே உடைத்தீர்கள். பச்சைத் துணி மேசைக்கு முன்னால் எனக்கு வாய் வராதபோது, அன்று மாலை சமையலறையில் நின்று என்ன சொன்னீர்கள்? "ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தா உன்னை யாரு கடிச்சிருப்பா?" என்றீர்கள்.

உங்களை யார் கடித்திருப்பார்கள்?

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். பந்தயம் செல்லாது. பள்ளி கிடையாது. அந்த அறையில் ஒரு கட்டில் போடுங்கள். மடக்குக் கட்டில் இல்லை, காற்றடைத்த மெத்தை இல்லை. கால் வைத்த கட்டில், முழு மெத்தை. கம்பளித்துணி இருக்கட்டும், நாற்காலி இருக்கட்டும், நான் இல்லாத நாளில் உட்கார்ந்து கண்ணாடி உடைவதைக் கேளுங்கள். டிசம்பர் பத்தாம் தேதிக்குள் கட்டில் வந்துவிட்டதென்று எழுதினால் ஈவரின் கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன். எழுதாவிட்டால் தபால்பெட்டி சைக்கிள் கடை வாசலிலேயே இருக்கிறது.

இது மிரட்டல்தான். 'கேக்கல' என்று சொல்ல முடியாதபடி தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

மாரென்


ஹோல்பெக், 5 டிசம்பர்

மாரென்,

மிரட்டலுக்கு நான் பணிகிறவன் இல்லை. நேற்று மாலை சங்கக் கூட்டத்தில் நவம்பர் 6 முடிவு செல்லாதென்று நானே அறிவித்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். குமிழைத் திருகினேன் என்றேன். பிறகு ஈவர், "ஏன் தோர்கில்?" என்றான். நான் குமிழைச் சுற்றியிருந்த வெள்ளை டேப்பை உரித்தேன். பொடில்தான், "காபி ஆறுது, குடிங்க" என்றாள். தலைவர் பதவியிலிருந்து விலகச் சொல்லவில்லை; வேறு யாருக்கும் கணக்கு வராது. ஆக உன் கடிதத்தை இனி நீ அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். தபால்தலை வீண்.

கட்டில் வியாழக்கிழமை வந்தது. பைன் மரம், அசிங்கமாக இருக்கிறது, மலிவுச் சாமான்களை உன்னைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் போல. கொண்டுவந்தவர்கள் படியில் சுவரைப் பெயர்த்துவிட்டார்கள். நாற்காலிக்குப் பின்னால் இடது மூலையைத் தவிர வேறு எங்கும் நுழையவில்லை. அங்கே போட்டிருக்கிறேன்.

அந்த மூலையில் தாழ்ந்த ஒலி வந்து குவிந்துகொண்டிருந்தது. ஜூலையிலிருந்தே. கம்பளித்துணியை இரட்டையாக ஒட்டியும் போகவில்லை, சங்கத்தில் யாரும் அதைச் சொல்லத் துணியவும் இல்லை. மெத்தை வந்த அன்றே அளந்து பார்த்தேன். பாதிக்கு மேல் மெத்தை உறிஞ்சிவிட்டது. டபுள் பேஸ் இப்போது வீங்காமல் நிற்கிறது. ஆகவே கட்டில் அங்கேயே இருக்கும். இது இயற்பியல், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

ஒரு குறை இருக்கிறது. காலிக் கட்டிலை வைத்து எடுத்த அளவை நான் ஒத்துக்கொள்வதில்லை. அதில் ஆள் படுத்திருக்கும்போது இன்னொரு முறை அளந்தாக வேண்டும். எந்த ரயில் என்று எழுது.

அப்பா